ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்குவதா, வளர்ப்பதா?

பட்டப்படிப்பை முடித்து ஊர் திரும்பும் இளைஞர் யுவதிகளை எமது கிராமங்களில் இன்று பரவலாகக் காண்கிறோம். கமக்காரரின் பிள்ளைகள், கடற்றொழிலாளரின் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் எனப் பலர் இவர்களுள் உள்ளனர். இவர்களிற் சிலர் மேற்படிப்பை நாடும்போது புதியதொரு கதவு அவர்கள் முன் நிற்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சில துறைகள் அண்மைக் காலத்தில் கைவிட்டிருந்தாலும், வேறு பல துறைகள் ஜி.ஆர்.ஈ. பரீட்சையின் புள்ளிகளைக் கேட்கின்றன. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். ரொபெல் என்பது இன்னொன்று. இவை எல்லா நாட்டவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பரீட்சைகள். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த கொழும்புப் பிள்ளைக்கும், ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த வன்னிப் பிள்ளைக்கும் அளவுகோல் ஒன்றே.

செலவும் சிறியதல்ல. ஜி.ஆர்.ஈ. பரீட்சைக் கட்டணம் மட்டும் 200 அமெரிக்க டொலருக்கு மேல். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் அது 350 ரூபாவைத் தாண்டியது. அன்று தொடக்கம் ஒரு கிராமத்துக் குடும்பம் இந்தக் கட்டணத்தைச் செலுத்துவதென்றால், பெரும்பாலும் தாயின் நகை அடகுக்குப் போகிறது. ஆகவே இது வெறும் பரீட்சை விடயம் அன்று. குடும்பத்தின் விடயமும் ஆகும்.

இந்நிலையில் எமது இளைஞர்கள் முதலிற் செய்வது என்ன? ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தேடிப் பெற்று, முதல் எழுத்திலிருந்து பாடமாக்கத் தொடங்குகிறார்கள். மூன்றாம் வாரத்தில் முதல் வாரச் சொற்கள் மறந்துபோகின்றன. இரண்டாம் எழுத்தையோ மூன்றாம் எழுத்தையோ தாண்டுமுன் மனம் சலிக்கிறது. ஈற்றில் "ஆங்கிலம் எங்களுக்கு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிங்கள இளைஞரிடையே ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்றொரு பட்டப்பெயர் உண்டு. அது தெரிந்தவனின் கையில் ஆயுதம். தெரியாதவனை வெட்டுவதும் அதுவே. எமது பிள்ளைகளின் அனுபவமும் இதிலிருந்து வேறுபட்டதல்ல.

தோல்விக்குக் காரணம் பிள்ளைகளின் ஆற்றல் குறைவு அல்ல. அவர்கள் கைக்கொள்ளும் முறையே காரணம் என்பதே எமது கருத்து. சொல்வளம் என்பது மூட்டையாக வாங்கி வந்து அடுக்கும் பொருள் அன்று. அது பயிர். அதற்கு நிலம் பண்படுத்த வேண்டும், காலம் அறிந்து நீர் இறைக்க வேண்டும். எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பரீட்சை எதைக் கேட்கிறது?

பழைய ஜி.ஆர்.ஈ. பரீட்சையில் ஒரு சொல்லைத் தனியே கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்கும் வினாக்கள் இருந்தன. இரண்டு சொற்களுக்கிடையே உள்ள உறவைக் கொண்டு இன்னொரு சோடியைத் தெரியும் வினாக்களும் இருந்தன. பட்டியலைப் பாடமாக்குவது இவற்றுக்கு ஓரளவு உதவியது. ஆனால் 2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பரீட்சை திருத்தியமைக்கப்பட்டபோது இவ்விரு வகை வினாக்களும் நீக்கப்பட்டன. அக்காலப் பட்டியல்களோ இன்னும் பிரதி எடுக்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் பரீட்சை சுருக்கப்பட்டது. அதன்படி மொழிப்பகுதியில் மொத்தம் 27 வினாக்கள். நேரம் 41 நிமிடங்கள். வினாக்கள் மூன்று வகைப்படும். பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளல், வாக்கியத்தின் இடைவெளிகளை நிரப்பல், ஒரே இடைவெளிக்கு ஒத்த பொருள் தரும் இரு சொற்களைத் தெரிதல் என்பனவே அவை. மூன்றிலும் சொல் தனியே நிற்பதில்லை, வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறது.

மூன்றாம் வகை வினாவுக்கு நாமே ஓர் உதாரணம் அமைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக வாக்கியத்தைத் தமிழில் தருகிறோம்.

"அந்த அதிகாரி அளந்து பேசுபவர் என்று பெயரெடுத்தவர், ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் ______ ஆக இருந்ததைக் கண்டு எல்லோரும் வியந்தனர்."

தரப்பட்ட ஆறு சொற்கள்: லொக்குவேசியஸ், றெற்றிசென்ற், கறுலஸ், லக்கோனிக், கிறெடியுலஸ், பெனெவொலென்ற்.

றெற்றிசென்ற் என்றால் மனத்தில் உள்ளதை எளிதில் வெளியிடாதவர். லக்கோனிக் என்றால் சுருங்கப் பேசுபவர். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒத்த பொருள் உடையவை. "அளந்து பேசுபவர்" என்பதை மட்டும் கண்டு அவசரப்படும் மாணவர் இவ்விரண்டையும் தெரிவு செய்துவிடுவார். ஆனால் வாக்கியத்தின் சுழியாணி "ஆனால்" என்ற சொல்லில் இருக்கிறது. "வியந்தனர்" என்பதும் அதையே உறுதிப்படுத்துகிறது. எனவே அவர் அன்று நிறையப் பேசியிருக்க வேண்டும். சரியான விடை, வாயாடி என்று பொருள்படும் லொக்குவேசியஸ், கறுலஸ் ஆகிய இரண்டுமாகும். இரண்டையும் சரியாகத் தெரிந்தாற்றான் புள்ளி. ஒன்று மட்டும் சரியென்றால் அரைப்புள்ளி கிடையாது. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதுமில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடலாகாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஆறு சொற்களின் பொருளையும் ஒப்புவிக்கத் தெரிந்தவர்கூட வாக்கியத்தை நிதானமாக வாசிக்கப் பழகாவிடில் தவறிவிடுவார்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் போக்கு வேறு. அங்கே எழுத்துக்கும் பேச்சுக்கும் புள்ளியிடும் நான்கு அளவைகளில் சொல்வளம் ஒன்று. நான்குக்கும் சம நிறை. அருஞ்சொற்களைக் கொட்டுபவருக்குப் புள்ளி கூடும் என்பது தவறான எண்ணம். பொருத்தமற்ற இடத்தில் வைத்த பெரிய சொல் புள்ளியைக் குறைக்கும். எளிய சொல்லைத் துல்லியமாக வைப்பவரே அங்கு முன்னேறுவார்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலச் சொற்களை மூன்று தட்டுகளாக எண்ணிக்கொள்வது பயனுள்ளது.

முதலாவது அன்றாடச் சொற்கள். மைக்கேல் வெஸ்ற் என்ற ஆங்கிலேயர் பிரித்தானியர் காலத்து வங்காளத்தில், டாக்காவில், ஆசிரிய பயிற்சிப் பணியில் ஈடுபட்டவர். இடையிலே படிப்பை விட்டுவிடும் பிள்ளைக்கும் கற்ற அளவுக்குப் பயன் மிஞ்ச வேண்டும், அதற்கு வாசிப்புத் திறனே வழி என்பது அவருடைய வாதம். அவர் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள் உள்ளன. சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தது.

இரண்டாவது கல்விசார் சொற்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், பல துறைகளைச் சார்ந்த ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, 2000 ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலொன்றை வெளியிட்டார். அனலைஸ், கொன்செப்ற், எவிடென்ற், சிக்னிபிக்கன்ற் போன்றவை இதில் வருவன. சட்டம், விஞ்ஞானம், வணிகம், கலை என எத்துறை நூலை எடுத்தாலும் இவை காணப்படும். ஒரு கல்வி நூலில் நூறு சொற்கள் ஓடினால் அவற்றில் ஏறத்தாழ 76 முதலாம் தட்டைச் சேர்ந்தவை. 10 இந்த 570 குடும்பங்களைச் சேர்ந்தவை என அவர் கண்டார்.

மூன்றாவது அருஞ்சொற்கள். மேலே கண்ட லொக்குவேசியஸ் போன்றவை இவ்வகையின. பரீட்சைப் பட்டியல்கள் பெரும்பாலும் இவற்றையே அடுக்கித் தருகின்றன.

எமது இளைஞர்கள் செய்வது என்னவென்றால், இரண்டாம் தட்டை முறையாகக் கற்காமல் மூன்றாம் தட்டுக்குத் தாவுவதாகும். அத்திவாரம் போடாமல் கூரைக்கு ஓடு வாங்குவது போன்றது இது. 570 குடும்பங்கள் என்பது எட்டாத தொகையல்ல. நாளுக்கு ஆறு வீதம் வாரத்தில் ஆறு நாட்கள் கற்றால் பதினாறு வாரங்களில் முடித்துவிடலாம். அதே வேகத்தில் ஓராண்டில் ஏறத்தாழ 1,800 சொற்களை எட்டலாம்.

ஒரு நூலைத் தடையின்றி வாசிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றும், அதற்கு 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என்றும் போல் நேஷன் என்ற அறிஞர் 2006 ஆம் ஆண்டில் கணித்தார். இத்தொகையைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. இதில் பெரும்பகுதி பட்டியலால் வருவதன்று. ஆண்டுக்கணக்கான வாசிப்பால் வருவது.

வேரைப் பிடித்தால் கிளைகள் கைக்கு வரும்

தமிழ்ப் பாடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைக்கு ஒரு பெரிய வாய்ப்பு உண்டு. 'நடந்தான்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரிக்க அவன் ஏற்கனவே கற்றிருக்கிறான். 'நட' என்ற பகுதி தெரிந்தால் நடை, நடத்தை, நடப்பு, நடைமுறை எல்லாம் உறவாகிவிடுகின்றன. அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தின் கல்விச் சொற்களிலும் அருஞ்சொற்களிலும் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரசும் நீதிமன்றும் பிரெஞ்சு பேசின. திருச்சபையும் கல்விக்கூடமும் இலத்தீனைப் பயன்படுத்தின. ஆகவேதான் ஆங்கிலத்தில் வீட்டுச் சொல் குட்டையாகவும் ஏட்டுச் சொல் நீளமாகவும் இருக்கிறது.

இலத்தீனில் 'கிறெக்ஸ்' என்றால் மந்தை. இந்த ஒரு வேரிலிருந்து கிளைப்பவற்றைப் பாருங்கள். கொங்கிறிகேசன் என்பது ஒன்றாகக் கூடிய மந்தை; அதாவது சபை. செக்கிறிகேற் என்பது மந்தையிலிருந்து பிரித்து வைத்தல். அக்கிறிகேற் என்பது ஒன்றாகத் திரட்டிய மொத்தம். கிறெகேறியஸ் என்பது கூட்டத்தோடு வாழ விரும்பும் இயல்பு. இக்கிறீஜியஸ் என்பதன் நேர்ப்பொருள் மந்தைக்கு வெளியே தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் அது சிறப்பால் தனித்து நிற்பதைக் குறித்தது. இன்றோ, எவர் கண்ணுக்கும் தெரியும் படுமோசமான தவறையே குறிக்கிறது.

'லொகுவி' என்றால் பேசுதல். லொக்குவேசியஸ் வாயாடி, எலொகுவென்ற் நாவன்மை உடையவர், கொலோக்கியல் பேச்சுவழக்கு, சொலிலொக்குவி தனிமொழி. 'கிறேடோ' என்றால் நம்புகிறேன். இலத்தீன் பூசை நடந்த காலத்துப் பெரியவர்கள் விசுவாசப் பிரமாணத்தின் முதற் சொல்லாக இதைப் பாடியிருப்பார்கள். இதிலிருந்து பிறந்த மூன்று சொற்களைப் பரீட்சைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும். கிறெடிபிள் என்பது நம்பத்தக்கது. கிறெடியுலஸ் என்பது எதையும் எளிதில் நம்பிவிடும் குணம். இன்கிறெடியுலஸ் என்பது நம்பாமல் ஐயுறும் மனநிலை. செய்தி கிறெடிபிள் ஆகலாம். கேட்பவரே கிறெடியுலஸ் ஆவார்.

வேருக்கும் ஓர் எல்லை உண்டு. 'இன்' என்ற முன்னொட்டு பெரும்பாலும் இன்மையைக் குறிக்கும். ஆனால் இன்வலியுயபிள் என்றால் மதிப்பில்லாதது அன்று, மதிப்பிட முடியாத அளவு அருமையானது. இக்கிறீஜியஸ் என்ற சொல்லின் கதையும் இதையே காட்டுகிறது. எனவே வேர் ஊகத்துக்கு உதவும்; அகராதியே தீர்ப்புச் சொல்லும்.

தெரிந்த சொல்லின் தெரியாத முகம்

அருஞ்சொல்லைவிடத் தெரிந்த சொல்லே மாணவரை அதிகம் ஏமாற்றுகிறது. குவாலிபை என்றால் தகுதி பெறுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கூற்றை நிபந்தனையிட்டு மட்டுப்படுத்துதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. செக் என்பது சரிபார்த்தல் மட்டுமன்று. தடுத்து நிறுத்தலும் ஆகும். ரெம்பர் என்பதைக் கோபம் என்றே அறிந்திருக்கிறோம். வினைச்சொல்லாக வரும்போது கடுமையைத் தணித்தல் எனப் பொருள்படும். வோன்ற் பெயர்ச்சொல்லாக வந்தால் இல்லாமையைக் குறிக்கும். டிஸ்இன்ரறெஸ்ரெட் என்பது அக்கறையின்மை எனப் பலர் எண்ணுகின்றனர். தன்னலமோ பக்கச்சார்போ அற்ற நிலை என்பதே பரீட்சைகள் எதிர்பார்க்கும் பொருள். ஜி.ஆர்.ஈ. வினாக்களில் இத்தகைய இரண்டாம் பொருள்கள் அடிக்கடி வருவதுண்டு.

சொல்லின் சேர்க்கையும் கவனிக்க வேண்டியது. நாம் தென்னம்பிள்ளை என்போம், மாங்கன்று என்போம், இளம் பனையை வடலி என்போம். தென்னங்கன்று என்றால் பொருள் விளங்கும். பனங்கன்று என்றால் ஊரிலே சிரிப்பார்கள். இது இலக்கணப் பிழையன்று, மரபுப் பிழை. ஆங்கிலத்திலும் மழை 'ஹெவி' ஆகப் பெய்யுமே தவிர 'ஸ்ரோங்' ஆகப் பெய்வதில்லை. தீர்மானத்தை 'மேக்' பண்ணுவார்கள். குற்றத்தை 'கொமிற்' பண்ணுவார்கள். சொல்லை அதன் கூட்டாளியோடு சேர்த்தே கற்க வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுத்துப் பகுதியில் இதனாற் கிடைக்கும் பயன் பெரிது.

இங்கே நல்ல தமிழறிவு ஒரு தடையல்ல, துணை. கூச்சம், தயக்கம், பயம், தன்னம்பிக்கைக் குறைவு ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழில் உணர்ந்தவருக்கே றெற்றிசென்ற், டிபிடென்ற், ரிமிட் என்பவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும். மூன்றுக்கும் "பயந்த சுபாவம்" என்று ஒரே பொருள் எழுதிவைப்பவர் பரீட்சையில் தடுமாறுவார்.

எம்மிடமிருந்து போன சொற்கள்

ஆங்கிலம் முற்றிலும் அந்நியமானது என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணியும் எமது மொழியிலிருந்தே ஆங்கில அகராதிக்குச் சென்றன. எதிர்பாராது நன்மை ஒன்றைக் கண்டடைதலைக் குறிக்கும் செரென்டிபிற்றி என்ற சொல்லை 1754 ஆம் ஆண்டில் ஹொறஸ் வோல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஆக்கினார். இலங்கைக்கு வழங்கிய செரென்டிப் என்ற பழைய பெயரையே அவர் அடியாகக் கொண்டார்.

இன்னொரு சொல்லும் எம்மிடமிருந்து போனது, அது பெருமைக்குரியதன்று. சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவரைக் குறிக்கும் பறையா என்ற ஆங்கிலச் சொல், பறை முழக்கிய மக்களின் சாதிப் பெயரிலிருந்து பிறந்தது. அது இன்று பரீட்சைப் பட்டியல்களிலும் இடம்பெறுகிறது. "ஒதுக்கப்பட்டவர்" எனப் பொருள் எழுதிவிட்டு எமது மாணவர் அடுத்த சொல்லுக்குச் செல்லலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தை நாம் நடத்திய விதம் உலக மொழியொன்றில் சொல்லாக உறைந்து நிற்கிறது என்பதை ஒரு கணம் நின்று சிந்திப்பது நல்லது. அவ்வாறு அறிந்த சொல்லை எவரும் மறக்க மாட்டார்.

மறதிக்கு எதிராக ஒரு பெட்டி

1885 ஆம் ஆண்டில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கி, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என அளந்தார். கற்ற உடனேயே மறதி மிக வேகமாக நிகழ்கிறது. பின்னர் அதன் வேகம் குறைகிறது என்று கண்டார். இது கமக்காரருக்குப் புதிய செய்தியன்று. மிளகாய்க் கன்று நட்ட புதிதில் நாளாந்தம் தண்ணீர் கேட்கும். வேர் பிடித்த பின்னர் இடைவெளி விட்டு இறைத்தாலும் போதும்.

இதே முறையைச் சொற்களுக்கு ஏற்றவர் செபஸ்ரியன் லைற்னர் என்ற ஜேர்மன் எழுத்தாளர். 1972 ஆம் ஆண்டில் அவர் விளக்கிய பெட்டி முறைக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியும் கொஞ்சம் மட்டையும் போதும். பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். சிறிய அட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். மறுபக்கத்தில் ஐந்து விடயங்கள் இருக்கட்டும்: எளிய ஆங்கிலத்திற் பொருள், தமிழிற் பொருள், வேர், கூட்டாளிச் சொல், அச்சொல்லை நீங்கள் வாசித்த வாக்கியம்.

புதிய அட்டைகள் யாவும் முதலாம் அறைக்குச் செல்லும். அதனை நாள்தோறும் பார்க்க வேண்டும். சொல்லைப் பார்த்துப் பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகும். இரண்டாம் அறையை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறையும், நான்காவதை வாரம் ஒருமுறையும், ஐந்தாவதை மாதம் ஒருமுறையும் பார்க்கலாம். எந்த அறையிலாவது தவறினால் அட்டை மீண்டும் முதலாம் அறைக்கே திரும்பும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாவதில்லை. தெரியாத சொல் தப்பிக்கொள்வதுமில்லை. இதே ஒழுங்கிற் செயற்படும் கைத்தொலைபேசிச் செயலிகளும் இன்று உண்டு. ஆயினும் சொல்லைத் தம் கையால் எழுதிச் செய்யும் அட்டை மனத்திற் பதிய உதவும்.

ஒரு எச்சரிக்கை. அட்டையின் இரு பக்கங்களையும் மாறி மாறி வாசிப்பது பயிற்சியாகாது. மறுபக்கத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து மீட்டெடுக்க வேண்டும். றோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவர் பந்தியொன்றைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மறு பகுதியினர் வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை என்பதை எமது மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

நகரத்து வகுப்புகளில் விற்கப்படுவதில் பெரும்பகுதியைக் கிராமத்திலேயே செய்துகொள்ள முடியும். பங்குகளிலும் சனசமூக நிலையங்களிலும் பணியாற்றுவோர் சிந்திப்பதற்காகச் சில ஆலோசனைகளை முன்வைக்கிறோம்.

1. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட சொற்குழுக்களை அமைக்கலாம். ஒவ்வொருவரும் வாரத்தில் ஆறு அட்டைகளைக் கொண்டுவந்து மற்றவருக்கு விளக்கட்டும். கற்பிப்பவரே கூடுதலாகக் கற்கிறார்.

2. வாசிகசாலைக்கு ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றையாவது எடுப்போம். அதன் கட்டுரையொன்றை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் 'ஆனால்', 'ஆயினும்', 'எனவே' என்ற பொருள் தரும் இணைப்புச் சொற்களை அடையாளமிடலாம். மேலே கண்ட வினாவின் சுழியாணி இவற்றிலேயே இருந்தது.

3. வாசிக்கும் நூல் அளவறிந்ததாக இருக்கட்டும். ஏறத்தாழ 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேற்படாவிடின் அந்நூல் ஏற்றது. பதினைந்து, இருபது என ஏறினால் அதனை ஆறு மாதம் ஒத்திவைக்கலாம்.

4. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களும், ஆங்கிலத்தில் கடமையாற்றிய எழுதுவினைஞர்களும் பல ஊர்களில் உள்ளனர். வாரத்தில் ஒரு மணித்தியாலம் உச்சரிப்பையும் வாக்கியத்தையும் திருத்த அவர்களை அழைப்போம். இம்முதியோருக்கு அது மதிப்பளிப்பதாகவும் அமையும்.

5. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய நேரத்திலேயே குழு கூடட்டும். நேர ஒழுங்கு ஒன்றினாலேயே அவர்கள் விலக்கப்படும் நிலை பல இடங்களில் உண்டு.

6. ஆங்கிலம்–ஆங்கில அகராதி ஒன்று பொதுவில் இருக்க வேண்டும். ஜி.ஆர்.ஈ. பரீட்சையை நடத்தும் ஈ.ரி.எஸ். நிறுவனம் இரண்டு மாதிரிப் பரீட்சைகளைத் தனது இணையத்தளத்தில் இலவசமாகவே தருகிறது. கட்டணம் செலுத்துமுன் அவற்றைச் செய்து பார்த்து, ஆயத்தம் போதுமா எனத் தீர்மானிக்கலாம்.

7. திகதியைப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். ஜி.ஆர்.ஈ. புள்ளிகள் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், ஐ.ஈ.எல்.ரி.எஸ்., ரொபெல் புள்ளிகள் இரண்டு ஆண்டுகளுக்கே. ஆகவே ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு அவசரப்பட்டு முன்கூட்டியே தோற்றுவதில் பயனில்லை. சொல்வளத்தை மட்டும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டிலேயே தொடங்கலாம். உயர்தர வகுப்பிலேயே தொடங்கினால் இன்னும் நன்று.

நாற்பது நாளில் ஆயிரமாயிரம் சொற்கள் எனச் சுவரொட்டி ஒட்டுவோரிடம் பணத்தைக் கொடுக்குமுன் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கட்டும்: நாற்பதாம் நாள் கற்றது தொண்ணூறாம் நாளில் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. தொடர்ந்து தாய்மொழி பாடசாலையின் மொழியாயிற்று. ஏழைப் பிள்ளை படிப்பதற்கான வழி அதனாற் திறந்தது. இப்போதுள்ள தடை, அந்தப் பிள்ளை கற்ற அறிவை உலகத்தின் முன் எடுத்துச் சொல்லும் மொழியில் இருக்கிறது. அதனைத் தாண்டுவது வசதி படைத்த சிலரின் தனி உரிமையாக இருக்கலாகாது. அதே வேளை, எமது பிள்ளைகள் அனைவரும் வெளிநாடு செல்ல வேண்டும் என்பதும் எமது நோக்கமன்று. பரீட்சை எழுதாதவருக்கும் இச்சொற்கள் உதவும். மண் ஆய்வு அறிக்கையை, மருந்துப் பெட்டியின் குறிப்பை, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைத் தானே வாசித்து ஊருக்கு விளக்கக்கூடிய ஒருவர் இருந்தால் அந்த ஊரை ஏமாற்றுவது கடினம்.

ஒரு சப்பாத்துப் பெட்டி, ஓர் அகராதி, ஒரு ஞாயிறு பத்திரிகை, ஐந்து நண்பர்கள். முதலாம் ஆண்டுக்கு இவை போதும். இந்த வாரம் ஆறு அட்டைகளோடு தொடங்கலாம்.